பெட்டியைக் கட்டுங்க... மைனஸ் முப்பதுக்கு!

மார்கழி மாசம் விடியக் காலையில கம்பம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்து பார்த்திருக்கீங்களா? ஏலத் தோட்டத்து ஜீப்புக்காகக் காத்து நிக்கிற கூட்டத்துல பாதிப் பேர் தலையில குரங்கு குல்லா, மீதிப் பேர் தலையில துண்டு. டீக்கடை பாய்லர் பக்கத்துல இடம் பிடிக்க சின்னதா ஒரு போரே நடக்கும். வீட்டுல போய்ப் பார்த்தா, பாட்டில்ல தேங்காய் எண்ணெய் வெள்ளையா கட்டி தட்டிப் போயிருக்கும். ‘என்னா குளிரு... என்னா குளிரு!’ன்னு ஊரே ஒரு மாசத்துக்குப் புலம்பும்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? தேங்காய் எண்ணெய் கட்டியாகுறது கிட்டத்தட்ட 24 டிகிரியில. நாம ஏ.சி. ரிமோட்ல ஆசையா வைக்கிற அதே நம்பர்தான் பாஸ்!

இப்படி 24 டிகிரிக்கே எண்ணெயும் நாமளும் உறைஞ்சு போற ஊர்ல பிறந்துட்டு, மைனஸ் முப்பதுல போய் 14 மாசம் தங்கணும்னா? ‘பெட்டியில என்னடா வைப்பீங்க?’ன்னு கிளாஸ்ல ஒரு கேள்வியைச் சுத்த விட்டேன். ‘ரெண்டு ஸ்வெட்டர்’, ‘எங்க ஆத்தாவோட கம்பளி’, ‘தைலம்’, ‘நாலு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய்’... ஒருத்தன் மட்டும் ‘ரிட்டர்ன் டிக்கெட்’னு எழுதிக் கொடுத்தான். அறிவாளி!

சிரிக்கிறதுக்காகக் கேட்டதில்ல மக்களே. நிஜமாவே வருஷா வருஷம் நம்ம நாட்டுல இருந்து ஒரு குரூப் இப்படிப் பெட்டி கட்டிக்கிட்டு அன்டார்க்டிகாவுக்குப் போகுது. 1981 டிசம்பர் 6-ம் தேதி எஸ்.இஸட்.காசிம் தலைமையில 21 பேர், ‘போலார் சர்க்கிள்’ங்கிற நார்வே கப்பல்ல கோவாவுல இருந்து கிளம்பினாங்க. 1982 ஜனவரி 9-ம் தேதி பனியில கால் வச்சாங்க. அதுல ஆரம்பிச்ச பயணம். 1983-84-ல கட்டின ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையம் கொஞ்சம் கொஞ்சமா பனிக்குள்ளேயே புதைஞ்சு போச்சு. அப்புறம் 1989-ல பாறைத் தரையில ‘மைத்ரி’. 2012-ல ‘பாரதி’. இந்த பாரதியைக் கட்டினதே 134 கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கித்தான்! தூத்துக்குடி துறைமுகத்துல பார்ப்போமே, அதே மாதிரிப் பெட்டிங்க.

‘அதெல்லாம் சயின்டிஸ்ட் மேட்டர், நமக்கு என்ன?’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. மேட்டரே இங்கதான் இருக்கு.

அவங்களுக்கு மெக்கானிக் வேணும்!

விஞ்ஞானி ஆராய்ச்சி பண்ணணும்னா முதல்ல அவர் உறையாம இருக்கணும். அதுக்கு ஜெனரேட்டர் ஓடணும். தண்ணிக் குழாய் உறையாம இருக்கணும். பனியில ஓடுற ‘பிஸ்டன்புல்லி’ வண்டி ஸ்டார்ட் ஆகணும். சாப்பாடு வேணும். அதனால கோவா, வாஸ்கோடகாமாவுல இருக்கிற தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் (சுருக்கமா என்.சி.பி.ஓ.ஆர்.) விஞ்ஞானிங்களோட சேர்த்து வண்டி மெக்கானிக், ஜெனரேட்டர் மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், வெல்டர், பாய்லர் ஆபரேட்டர், கிரேன் ஆபரேட்டர், சமையல்காரர், நர்ஸ்னு ஆள் எடுக்குது. எல்லாம் ஒப்பந்த வேலை. ஐ.டி.ஐ., டிப்ளமோ படிச்சுட்டுக் கையில தொழில் அனுபவம் இருக்கிறவங்களுக்கும் இதுல கதவு திறந்திருக்கு. விளம்பரம் பயணம் கிளம்புறதுக்குப் பல மாசம் முன்னாடியே அவங்க வெப்சைட்ல வந்துடும்.

கம்பம்மெட்டு ஏறி இறங்குற ஜீப்பை ஒயரும் ஸ்பேனரும் வச்சே உயிரோட வச்சிருக்கிற நம்ம ஊர் பட்டறைப் பசங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோணும். இவனுங்களுக்கு யாராவது இதைச் சொன்னாங்களா?

‘பனியையே பார்த்ததில்லையே’ன்னு தயங்குறீங்களா? இஸ்ரோவுல வேலை பார்த்த மங்களா மணியும் பார்த்ததில்ல. 56 வயசுல, 23 பேர் இருந்த குழுவுல ஒரே பெண்ணா, 2016 நவம்பர்ல பாரதி நிலையத்துக்குப் போய் 403 நாள் இருந்துட்டு வந்தாங்க. செயற்கைக்கோள் அனுப்புற தகவல்களை வாங்கி இந்தியாவுக்கு அனுப்புற தரைநிலையத்துல வேலை. அதுக்கு முன்னாடி அவங்க வாழ்க்கையில பனிப்பொழிவையே பார்த்ததில்லையாம்!

ஆனா, ‘பார்த்ததில்ல’ வேற, ‘தயாராகல’ வேற. பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி அவங்க உடம்பைக் கட்டி அனுப்புறாங்க. டெல்லி எய்ம்ஸ்ல முழு உடம்புப் பரிசோதனை. மனசையும் சேர்த்துத்தான்! அது முடிஞ்சா உத்தரகாண்ட்ல இருக்கிற ஆலி. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையோட மலையேற்றப் பள்ளி அங்கே இருக்கு. முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு சுமார் 9,000 அடி உயரத்துல நடக்க விடுவாங்க. பனியில எப்படி நடக்கிறது, வழுக்கினா எப்படி நிக்கிறது, கூட இருக்கிறவன் விழுந்தா எப்படித் தூக்குறது... எல்லாம் அங்கேதான். கூடவே தீயணைப்புப் பயிற்சி. ‘ஐஸ் கண்டத்துல தீயா?’ன்னு சிரிக்காதீங்க. அங்கே காத்து அவ்வளவு வறட்சி. அடிக்கிற காத்துல ஒரு பொறி போதும், அணைக்கிற தண்ணியோ கல்லா உறைஞ்சு கெடக்கும். 2012 பிப்ரவரியில பிரேசில் நாட்டோட அன்டார்க்டிகா நிலையம் தீப்பிடிச்சு எரிஞ்சதுல ரெண்டு பேர் இறந்துட்டாங்க.

நீங்கதான் ஹீட்டர்

இப்போ பெட்டியைத் திறப்போம். திறந்ததும் முதல் வேலை, ஆத்தாவோட கம்பளியை வெளியே எடுக்கிறது. கோவிச்சுக்காதீங்க ஆத்தா!

ஸ்வெட்டர் சூடு தரும்னு நாம நம்புறோம். எந்த ஸ்வெட்டரும் சூடு தராது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பு கிட்டத்தட்ட 100 வாட் சூட்டை வெளியே விட்டுக்கிட்டே இருக்கு. பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியுற மாதிரி. அந்தச் சூட்டை ஓட விடாம பிடிச்சு வைக்கிறது மட்டும்தான் துணியோட வேலை. பிடிச்சு வைக்கிறதுகூட துணி இல்ல, துணிக்குள்ள அசையாம மாட்டிக்கிட்டு நிக்கிற காத்து. தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல எழுதுறோமே ‘மோசமான கடத்தி’ன்னு, அதே காத்துதான்.

இந்தக் காத்துக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு ஈரம். தண்ணி, காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்திடும். இன்னொண்ணு, வெளியே அடிக்கிற காத்து. தெர்மாமீட்டர் மைனஸ் 20 காட்டும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா, உங்க முகத்துக்கு அது மைனஸ் 35 மாதிரி. மைத்ரியில பனிப்புயல் கிளம்பினா இந்த 50 எல்லாம் சும்மா தென்றல்.

அதனாலதான் ஒரே ஒரு தடியான கோட்டு அங்கே வேலைக்கு ஆகாது. மூணு அடுக்கு வேணும். உடம்போட ஒட்டி முதல் அடுக்கு: வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளுற தெர்மல் உள்ளாடை, பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ. நடுவுல காத்தைப் பிடிச்சு வைக்கிற ஃப்ளீஸ் மாதிரியான அடுக்கு. எல்லாத்துக்கும் மேல, காத்து நுழையாத கோட்டும் கால்சட்டையும். இந்த வெளி அடுக்கு, பூட்ஸ் எல்லாம் பயணக் குழுவுக்கு அவங்களே கொடுத்துடுறாங்க. நீங்க கவலைப்பட வேண்டியது உள்ளே போடுறதைப் பத்தி.

இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் கோட்டை விடுவாங்க. காட்டன்! ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட், காட்டன் சாக்ஸ், அப்புறம் பனியன். (பேர்ல ‘பனி’ இருக்கேன்னு நம்பிடாதீங்க. திருப்பூர்க்காரங்க மன்னிக்கணும்!) கம்பத்து வெயில்ல காட்டன் கடவுள். ஏன்னா வியர்வையைக் குடிச்சு வச்சுக்கிட்டு உடம்பைக் குளிர வைக்கும். அந்த நல்ல குணமேதான் அங்கே எமன். பனியை வெட்டிப் போடுறது, டிரம் உருட்டுறதுன்னு வேலை செஞ்சா மைனஸ் 20-லயும் வியர்க்கும். வேலையை நிறுத்தின அடுத்த நிமிஷம், அந்த ஈர பனியன் உங்க 100 வாட் பல்பை அணைக்க ஆரம்பிச்சுடும். அதனால அங்கே பழகினவங்க வேலை ஆரம்பிக்கும்போது ஒரு அடுக்கைக் கழட்டிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. லேசா குளிர்ற மாதிரியே வேலை செய்யணும், வியர்க்கிற மாதிரி இல்ல. ‘நல்லா மூடிக்கப்பா’ன்னு அம்மா சொல்லி அனுப்புறதுக்கு நேர் எதிர்!

கைக்கு? அஞ்சு விரலுக்கும் தனித்தனி அறை இருக்கிற கிளவுஸைவிட, நாலு விரலும் ஒண்ணா குடித்தனம் நடத்துற மிட்டன்ஸ்தான் சூடு. கூட்டுக் குடும்பத்தோட மகிமை! ஆனா மிட்டன்ஸ் போட்டுக்கிட்டு நட்டு போல்ட்டு முடுக்க முடியாதே... அதுக்காக உள்ளே ஒரு மெல்லிசு கிளவுஸ். வேலை முடிஞ்ச உடனே மறுபடி மிட்டன்ஸுக்குள்ள கையை விட்டுடணும். வெறும் கையில மட்டும் ஸ்பேனரைத் தொட்டுடாதீங்க. தோல் இரும்போட ஒட்டிக்கும், பிய்ச்சா தோல்தான் வரும்.

பூட்ஸ் ‘சிக்’னு பிடிக்கக் கூடாது. ரெண்டு சாக்ஸ் போட்டும் உள்ளே விரல் ஆட்டுற அளவுக்கு இடம் வேணும். இறுக்கிப் பிடிச்சா ரத்த ஓட்டம் குறையும், கால் விரல்தான் முதல்ல போகும். குளிரே இருக்காதுன்னு நாம நினைக்கிற ஐட்டம் ஒண்ணு இருக்கு... வெயில்! பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதத்துக்கு மேல திருப்பி அடிக்கும். ஓசோன் ஓட்டைன்னு எட்டாங்கிளாஸ்ல படிச்சோமே, 1985-ல உலகத்துக்குத் தெரிய வந்த அந்த ஓட்டை அந்தக் கண்டத்துக்கு மேலதான் இருக்கு. கண்ணாடி போடாம ஒரு பகல் சுத்தினா கண்ணுல மணலைக் கொட்டின மாதிரி எரிஞ்சு, தற்காலிகமா பார்வையே போயிடும். அதனால பெட்டியில நல்ல புற ஊதா தடுப்புக் கண்ணாடி ரெண்டு ஜோடி (ஒண்ணு உடையும்னு வச்சுக்கோங்க), சன் ஸ்க்ரீன், உதட்டுக்கு பாம். ‘ஆம்பளைக்கு எதுக்குடா லிப் பாம்?’னு கேட்கிற பங்காளி, ஒரு வாரம் கழிச்சு வெடிச்ச உதட்டோட உங்ககிட்டதான் கடன் கேட்பான்.

தேனிக்கு இந்தக் குளிர் புதுசில்ல

அன்டார்க்டிகா ரொம்ப தூரம்னு தோணுதா? இன்னொரு உறைபனி இடம் நம்ம மாவட்டத்துக்கு வலிக்க வலிக்கத் தெரியும். 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சின்ல, சுமார் 19,600 அடி உயரத்துல இருந்த சோனம் காவல் நிலை மேல பனிச்சரிவு விழுந்துச்சு. 19-வது மெட்ராஸ் பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் அதுல சிக்கினாங்க. அந்தப் பத்துல ஒருத்தர், மேகமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குமணன்தொழுவைச் சேர்ந்த லான்ஸ் ஹவில்தார் எஸ்.குமார். ஆறு நாள் கழிச்சு பனிக்கு அடியில இருந்து உயிரோட எடுத்த ஹனுமந்தப்பாவும் ஆஸ்பத்திரியில இறந்துட்டார். பத்துப் பேர்ல ஒருத்தர்கூடத் திரும்பல.

பனிச்சரிவை எந்தப் பூட்ஸும் தடுக்காது. ஆனா அங்கே மாசக் கணக்குல நிக்கிறவனுக்கு பூட்ஸ்ங்கிறது சாப்பாடு மாதிரி. 2020 பிப்ரவரியில நாடாளுமன்றத்துல வச்ச சி.ஏ.ஜி. அறிக்கை ஒண்ணு, 2015 நவம்பர்ல இருந்து 2016 செப்டம்பர் வரைக்கும் உயரமான இடங்கள்ல இருந்த வீரர்களுக்குப் புது பூட்ஸ் போய்ச் சேரல, பழசையே சரி பண்ணிப் போட்டுக்கிட்டாங்கன்னு சொல்லுச்சு. பனிக் கண்ணாடிக்கும் பெரிய தட்டுப்பாடு. ‘அது பழைய நிலைமை, இப்போ சரியாயிடுச்சு’ன்னு ராணுவம் பதில் சொன்னது. ‘பேக்கிங்’ங்கிறது டூர் கிளம்புறவனோட தலைவலி மட்டும் இல்லீங்க. பல நேரம் எங்கேயோ ஒரு ஆபீஸ்ல ஃபைல் நகர்றதைப் பொறுத்தது.

ஒரு வாஷர் போதும்

இந்த இடத்துல மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. நம்ம டிபார்ட்மென்ட் மேட்டர்.

1911 டிசம்பர் 14-ம் தேதி நார்வேக்காரர் ஆமுண்ட்சென் தென் துருவத்தைத் தொட்டார். அஞ்சு வாரம் பின்னாடி அதே இடத்துக்கு இங்கிலாந்தோட ஸ்காட் வந்து சேர்ந்தார். ஆமுண்ட்சென் குழு பத்திரமா ஊர் திரும்பிடுச்சு. ஸ்காட்டும் கூட வந்த நாலு பேரும் திரும்பி வர்ற வழியில இறந்துட்டாங்க. கடைசி மூணு பேர் கூடாரத்துல உறைஞ்சு கிடந்த இடத்துக்கும் அடுத்த உணவுக் கிடங்குக்கும் நடுவுல தூரம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் இருக்கிற தூரம்தான்!

காரணம் நிறைய. கடுமையான குளிர், பத்தாத சாப்பாடு, உடம்புல தெம்பு இல்ல. அதோட சேர்ந்தது எரிபொருள். வழியில புதைச்சு வச்சுட்டுப் போன மண்ணெண்ணெய் டின்களைத் திறந்து பார்த்தா, எண்ணெய் குறைஞ்சு இருந்துச்சு. டின் மூடிக்குள்ள இருந்த தோல் வாஷர் குளிர்ல சரியா அடைக்காம, கொஞ்சம் கொஞ்சமா எண்ணெய் வெளியேறிடுச்சு. எண்ணெய் இல்லேன்னா அடுப்பு இல்ல. அடுப்பு இல்லேன்னா பனியை உருக்கிக் குடிக்கத் தண்ணிகூட இல்ல. ஆமுண்ட்சென் இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசிச்சு டின்களை ஈயம் வச்சுப் பத்த வச்சிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்!

‘அது பழங்கதை’ன்னு விட முடியல. 1986 ஜனவரி 28-ம் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடிச்சு ஏழு பேர் இறந்ததுக்கும் குளிர்ல விறைச்சுப் போன ஒரு ரப்பர் வளையம்தான் காரணம். விசாரணையில ஃபெய்ன்மேன் ஒரு துண்டு ரப்பரை ஐஸ் தண்ணியில முக்கி எடுத்துக் காட்டினாரே, யூ-டியூப்ல தேடிப் பாருங்க.

அதனால நீங்க கொண்டு போற ஒவ்வொரு பொருளையும் ‘நீ மைனஸ் முப்பதுல எப்படி இருப்பே?’ன்னு கேட்டுட்டுத்தான் பெட்டியில போடணும். சாதாரண சார்ஜர் ஒயரோட பிளாஸ்டிக் உறை மடக்கினா முறுக்கு மாதிரி உடையும். செல்போன் பேட்டரி அம்பது சதவீதம்னு காட்டிக்கிட்டே திடீர்னு செத்துடும், அதனால அதுக்கு இடம் சட்டையோட உள் பாக்கெட்தான். வெளியே போட்டோ எடுத்துட்டு கேமராவை அப்படியே சூடான ரூமுக்குள்ள கொண்டு வந்தா, கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மாதிரி உள்ளேயும் வெளியேயும் வியர்த்துடும். வெளியிலேயே ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடிக் கொண்டு வந்து, அது மெதுவா சூடானதும் பிரிக்கணும். ஒரு டஜன் கவர் எடுத்துக்கோங்க, காசு கம்மி, புண்ணியம் ஜாஸ்தி. டீசல்கூட நம்ம பங்க்ல போடுற டீசலா இருந்தா மெழுகு மாதிரி கட்டிக்கும். லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019-ல மைனஸ் 33 வரை தாங்குற குளிர்கால டீசலையே தனியா கொண்டு வந்துச்சு.

இன்னொரு விஷயம். இதைப் படிக்கிறவங்கள்ல பல பேர் அன்டார்க்டிகா போக மாட்டீங்க. ஆனா கொடைக்கானல், மூணாறு போவீங்க. 1990-ல நம்ம ஒன்பதாவது பயணக் குழுவுல நாலு பேர் அன்டார்க்டிகாவுல கூடாரத்துக்குள்ளேயே இறந்துட்டாங்க. குளிரால இல்ல. ஜெனரேட்டர் புகையில இருக்கிற கார்பன் மோனாக்ஸைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூக்கத்துலயே முடிச்சுடும். 2024-ல கொடைக்கானல்ல ரூமுக்குள்ள கரி அடுப்பை அணைக்காம விட்டுட்டுத் தூங்கின ரெண்டு இளைஞர்கள் காலையில எழுந்திருக்கவே இல்ல. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சுட்டு உள்ளே நெருப்பு வைக்கிற பழக்கம் இருந்தா, தயவு செஞ்சு இன்னிக்கே விட்டுடுங்க.

ஒட்டுப்புல்லுக்கு விசா கிடையாது

எதை எடுத்துட்டுப் போகணும்ங்கிறதை விட எதை எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிற லிஸ்ட்தான் செம சுவாரஸ்யம். 1991-ல மாட்ரிட்ல கையெழுத்தாகி 1998-ல அமலுக்கு வந்த ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு. அதன்படி உயிர்க்கோழி கூடாது. மண் கூடாது. பூச்சி மருந்து கூடாது. பார்சலுக்குள்ள அடைக்கிற தெர்மாகோல் மணிகள் கூடாது, காத்துல பறந்தா பொறுக்கவே முடியாதே! முன்னாடி ஸ்லெட்ஜ் இழுத்த நாய்ங்களைக்கூட 1994 ஏப்ரலுக்குள்ள மொத்தமா வெளியேத்திட்டாங்க. இந்தியாவும் 2022-ல அன்டார்க்டிகாவுக்குன்னே தனிச் சட்டம் போட்டிருக்கு.

உங்க ஷூவுக்கு அடியில கம்பத்துத் திராட்சைத் தோட்டத்து மண் ஒட்டியிருந்தா, பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். பேக்கோட வெல்க்ரோ பட்டையில, பேன்ட் மடிப்புல, பாக்கெட் மூலையில ஒட்டுப்புல், நெருஞ்சின்னு ஒரு விதைகூட இருக்கக் கூடாது. ஊசியை வச்சு ஒண்ணொண்ணா நோண்டி எடுக்க வேண்டியதுதான். நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கலாம், அன்டார்க்டிகாவுல அதோட விதைக்குக் குடியுரிமை கிடையாது! அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் உறை எல்லாத்தையும் ஊர்லயே பிரிச்சுப் போட்டுட்டுப் போங்க. அங்கே சேர்ற குப்பையைத் தரம் பிரிச்சு, கப்பல் ஏத்தித் திரும்பக் கொண்டு வரணும்.

பல்லைக் காட்டுங்க

டிரஸ் ஓகே. பொருள் ஓகே. கிளம்பிடலாமா? இருங்க, வாயைத் திறங்க.

மார்ச் மாசம் கடைசிக் கப்பல் கிளம்பிப் போச்சுன்னா, அடுத்த வண்டி வாகனம் நவம்பர் பக்கம்தான். நடுவுல எட்டு மாசம் யாரும் வர முடியாது, நீங்களும் போக முடியாது. மைத்ரியில இருக்கிற சுமார் 25 பேர்தான் உங்க ஊர், உங்க தெரு, உங்க சொந்தம். கேப் டவுன் 4,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். அப்போ ஒரு கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பிச்சா? அதனால சொத்தைப் பல் இருந்தா இங்கேயே அடைச்சிட்டோ, பிடுங்கிட்டோதான் போகணும். கண்ணாடி போடுறவங்க கூடுதலா ஒரு செட். தினமும் மாத்திரை சாப்பிடுறவங்க அதை எய்ம்ஸ்ல மறைக்கவே கூடாது. ‘சொன்னா எடுக்க மாட்டாங்களே’ன்னு மறைச்சா, ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்ல, உங்களைப் பார்த்துக்க வேண்டிய மீதி 24 பேருக்கும்தான்.

மைத்ரிக்குப் பக்கத்து வீடு மாதிரி ரஷ்யாவோட நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம். 1961 ஏப்ரல் 30-ம் தேதி அங்கே இருந்த ஒரே டாக்டருக்குக் குடல்வால் அழற்சி. பேரு லியோனிட் ரோகோசோவ், வயசு 27. விமானம் வர வழியில்ல. கூட இருந்தவங்கள்ல ஒருத்தரைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லி, ஒருத்தரைக் கருவி எடுத்துக் கொடுக்கச் சொல்லி, தன் வயித்தைத் தானே கீறி ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். ரெண்டு வாரத்துல வேலைக்கும் வந்துட்டார்! நமக்கு நாளைக்கு வைவான்னா இன்னிக்கே வயித்தைக் கலக்குது...

கடைசியா, பெட்டியில ஒரு மூலையைக் காலியா விடுங்க. அது மனசுக்கு. மே மாசக் கடைசியில மைத்ரியில மறையற சூரியன், ரெண்டு மாசத்துக்கு எட்டிப் பார்க்காது. அதே 25 முகம், அதே ஜோக், அதே சாம்பார். யார் கூடயாவது எதுக்குன்னே தெரியாம எரிச்சல் வரும். குளிர் ஏறிப் போச்சுன்னா ஆளு உளற ஆரம்பிப்பான், தடுமாறுவான், ஆனா அது அவனுக்கே தெரியாது. பக்கத்துல இருக்கிறவன்தான் கவனிக்கணும். சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா யார் கவனிக்கிறது? அதனால கூட்டமா ஆடுற எதையாவது எடுத்துக்கோங்க, சீட்டுக்கட்டு, செஸ் போர்டு. தனியா உட்கார்ந்து செய்யுற ஒண்ணும் வேணும்: வரையுறது, புல்லாங்குழல், இல்லேன்னா நாலு வருஷமா படிக்காம வச்சிருக்கிற தலையணை சைஸ் நாவல். இன்டர்நெட்டை நம்பாம பாட்டு, படம் எல்லாம் ஹார்டு டிஸ்க்ல. ஊசி நூல். வீட்டு ஆளுங்களோட அச்சடிச்ச போட்டோ, போன் செத்தாலும் அது இருக்கும்.

ஜூன் 21, அவங்களுக்கு நடு இருட்டு நாள். அந்தக் கண்டத்துல இருக்கிற எல்லா நாட்டு நிலையங்களும் ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்து அனுப்பிக் கொண்டாடுவாங்க. நம்ம பண்டிகைக்கு வேற ஒரு சிக்கல் காத்திருக்கு. தை முதல் நாள் அங்கே நட்ட நடுக் கோடை, சூரியன் 24 மணி நேரமும் வானத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும். சூரியன் உதிக்கிற நேரத்துக்குப் பொங்கல் வைக்கணும்னா... மைத்ரியில அது போன நவம்பர்லயே உதிச்சு முடிச்சாச்சு. எத்தனை மணிக்குப் பானையை ஏத்துறதுன்னு சமையல்காரரும் நீங்களும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிக்கோங்க. ஏலக்காய் மட்டும் மறக்காம நம்ம ஊர்ல இருந்து ஒரு பொட்டலம் எடுத்துட்டுப் போயிடுங்க.